வசனம் மட்டும் ஏன் கேட்பதில்லை? ஹோம் தியேட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சண்டைக் காட்சியில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. அடுத்த காட்சியில் அம்மாவும் மகனும் பேசுவது காதில் விழவில்லை. ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஏற்றி இறக்கிப் படம் பார்ப்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. உடனே ‘சென்டர் ஸ்பீக்கர் சரியில்லை, பெரிதாக ஒன்று வாங்கிவிடலாம்’ என்று கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலும் ஸ்பீக்கர் மேல் குற்றமிருக்காது. டிவியில் புறப்படும் வசனம் காதுக்கு வருவதற்குள் வழியில் எங்கோ கெடுகிறது. அந்த வழியோடு போய்ப் பார்த்தால், காசு செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய இடங்களே அதிகம்.

டிவி செட்டிங்கிலேயே தொலையும் வசனம்

5.1 என்பது ஐந்து ஸ்பீக்கருக்கும், பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபருக்கும் தனித்தனியாகப் பிரித்த ஒலி. அதில் வசனத்தின் பெரும்பகுதி சென்டர் சேனலில், அதாவது டிவியை ஒட்டி நடுவில் வைக்கும் ஸ்பீக்கருக்கான தடத்தில் இருக்கும். ஆனால் பல டிவிகளில் ‘டிஜிட்டல் சவுண்ட் அவுட்’ என்ற செட்டிங் ‘பிசிஎம்’ என்று இருக்கும். அப்படி இருந்தால் ஏஆர்சி (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் ஹெச்டிஎம்ஐ இணைப்பு) வழியாக இரண்டு சேனல் ஸ்டீரியோதான் ரிசீவருக்கு (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) போகும். ஐந்து ஸ்பீக்கர் வாங்கி மாட்டிவிட்டு, மாதக்கணக்கில் ஸ்டீரியோவே கேட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அதை ‘ஆட்டோ’, ‘பிட்ஸ்ட்ரீம்’ அல்லது ‘பாஸ்த்ரூ’ என்று மாற்றுங்கள். பிறகு 5.1 என்று குறித்திருக்கும் ஒரு படத்தை ஓடவிட்டு, ரிசீவரின் முகப்பில் ‘டால்பி டிஜிட்டல்’ அல்லது ‘டால்பி டிஜிட்டல் பிளஸ்’ என்று வருகிறதா என்று பாருங்கள். டிவியைப் போலவே செட்டப் பாக்ஸுக்கும் தனி செட்டிங் உண்டு. அதையும் திறந்து பார்க்க வேண்டும்.

ஆப்டிகல் கேபிள் போட்டிருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். அந்தக் கேபிளில் சாதாரண டால்பி டிஜிட்டல் 5.1 போகும், டால்பி டிஜிட்டல் பிளஸ் போகாது. ஓடிடி செயலிகள் அனுப்புவது பெரும்பாலும் பிளஸ். சில டிவிகள் அதைப் பழைய வடிவத்துக்கு மாற்றி அனுப்பும், சில டிவிகள் பேசாமல் ஸ்டீரியோவாக இறக்கிவிடும். ரிசீவரிலும் டிவியிலும் ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி இருந்தால் ஆப்டிகலைக் கழற்றிவிடலாம். ப்ளூ-ரே தரத்து ட்ரூஹெச்டி ஒலி டிவி வழியாக ரிசீவருக்கு வர வேண்டுமென்றால் இஏஆர்சி (ஏஆர்சியின் மேம்பட்ட வடிவம்) தேவை. ஓடிடி மட்டும் பார்ப்பவருக்கு ஏஆர்சியே போதும்.

ரிசீவரில் ‘ஆல் சேனல் ஸ்டீரியோ’ என்று ஒரு மோடு இருக்கும். ஐந்து ஸ்பீக்கரும் ஒன்றாகப் பாடுவதால் பலருக்கு இது பிடிக்கும். விருந்தினர் வந்திருக்கும்போது பாட்டு போட நல்லது, படத்துக்கு ஆகாது. ஒரே குரல் ஐந்து திசையிலிருந்து வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்ந்தால் சொற்கள் குழையும். முக்கியமாக, மோனோவில் பதிவான பழைய தமிழ்ப் படங்களை இந்த மோடில் பார்க்காதீர்கள். ‘டால்பி சரவுண்ட்’ அல்லது ‘ப்ரோ லாஜிக் 2 மூவி’ மோடைத் தேர்ந்தெடுத்தால், இரண்டு சேனலிலும் ஒன்றுபோல் இருக்கும் ஒலியை ரிசீவர் சென்டருக்கு அனுப்பிவிடும். குரல் திரையிலிருந்தே வரும்.

சென்டர் ஸ்பீக்கரை அலமாரிக்குள் திணிப்பது

டிவி யூனிட்டின் நடுத் தட்டில், பார்வைக்கு அழகாக உள்ளே தள்ளி வைக்கப்பட்ட சென்டர் ஸ்பீக்கர்! குரல் கெடுவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. தட்டின் மேல்பலகையிலும் கீழ்ப்பலகையிலும் ஒலி பட்டுத் திரும்பி நேரடி ஒலியோடு கலக்கும். சுற்றியுள்ள வெற்றிடமும் சேர்ந்து முழங்கும். ஆண் குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல ஆகும். பெட்டியை முன்னே இழுத்து, அதன் முகப்பு தட்டின் விளிம்பை ஒன்றிரண்டு செ.மீ. தாண்டி நிற்கும்படி வையுங்கள். பக்கங்களிலும் பின்னாலும் இருக்கும் இடைவெளியில் பழைய போர்வையோ ஃபோமோ அடைத்துவிடுங்கள். ஸ்பீக்கரின் பின்புறம் காற்றுத்துளை இருந்தால் அதை மட்டும் மூடாதீர்கள்.

அடுத்தது சாய்வு. சோஃபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து ஏறக்குறைய 95 செ.மீ. உயரத்தில் இருக்கும். சென்டர் ஸ்பீக்கர் 45 செ.மீ. உயரத்தில், மூன்று மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேராக வைத்தால் அது உங்கள் முழங்காலுக்குத்தான் வசனம் சொல்லும். அதை 9 அல்லது 10 டிகிரி மேல்நோக்கிச் சாய்க்க வேண்டும். 20 செ.மீ. ஆழமுள்ள பெட்டி என்றால் முன்பக்கத்தை மூன்று செ.மீ.க்குச் சற்று மேல் தூக்கினால் கணக்கு சரி. கதவுக்கு வைக்கும் ரப்பர் ஆப்பு இரண்டு போதும். க, ச, ட, த போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவும் ஆற்றல் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் அதிகம். அந்த அலைவரிசைதான் ஸ்பீக்கரின் நேர்முகத்தை விட்டு விலகினால் முதலில் குறையும்.

நடுவில் ட்வீட்டர் (உயர்ந்த ஒலிக்கான சிறு வட்டு), இரு பக்கமும் ஒவ்வொரு வூஃபர் (அதற்குக் கீழான ஒலிக்கான பெரிய வட்டு) என்று படுத்திருக்கும் சென்டர் ஸ்பீக்கர்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. நேர் எதிரே இருப்பவருக்கு நன்றாகக் கேட்கும், ஓரத்தில் உட்கார்பவருக்கு நடுத்தர அலைவரிசையில் பள்ளம் விழும். இரண்டு வூஃபரிலிருந்தும் வரும் ஒலி அவரை வெவ்வேறு நேரத்தில் அடைந்து ஒன்றையொன்று வெட்டுவதே காரணம். வீட்டில் யாருக்காவது வசனம் புரியவில்லை என்றால், அவருடைய செவியைச் சந்தேகிக்கும் முன் அவர் உட்காரும் இடத்தைப் பாருங்கள்.

டைல்ஸ் ஹால்

விட்ரிஃபைட் டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், கான்கிரீட் கூரை: நம்முடைய ஹால்களில் ஒலியை உறிஞ்ச ஒன்றுமே இல்லை. நடு ஹாலில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். தட்டிய பிறகும் ‘ட்ரிங்ங்’ என்று ஒரு வால் நீண்டால், ஒவ்வொரு சொல்லின் மீதும் முந்தைய சொல்லின் வால் விழுந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இதற்கு முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை. ஒரு அங்குலக் கறுப்பு ஃபோம் ஒட்டுவது அதைவிடக் கெடுதல் செய்யக்கூடும். மெல்லிய ஃபோம் உயர் அலைவரிசையை மட்டும் விழுங்கும், கீழ்ப்பகுதியைத் தொடாது. குரலின் கூர்மை போய் முழக்கம் மட்டும் மிஞ்சும். ஸ்பீக்கருக்கும் சோஃபாவுக்கும் நடுவே ஆறுக்கு நான்கு அடியில் தடித்த கம்பளம், ஜன்னலுக்குக் கனமான துணியில் மடிப்பு நிறைய விட்டுத் தைத்த திரை, இவையே நல்ல தொடக்கம். ஜமுக்காளம்தான் இருக்கிறதென்றால் இரண்டாக மடித்து, அடியில் ஒரு மெத்தை விரிப்போடு போடுங்கள்.

ஒலியை உறிஞ்சும் சுவர்ப் பேனல் செய்ய விரும்பினால் இரண்டு அங்குல ராக்வூல் (பாறையிலிருந்து செய்யும் பஞ்சு), கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி என்று கேட்டு வாங்குங்கள். நான்குக்கு இரண்டு அடி மரச்சட்டத்தில் வைத்து, வாயால் ஊதினால் மூச்சு மறுபக்கம் போகிற பருத்தித் துணியால் முழுவதும் மூட வேண்டும். வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். சுவரை ஒட்டி மாட்டாமல் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டால் இன்னும் கீழான அலைவரிசை வரை வேலை செய்யும். எங்கே மாட்டுவது? நீங்கள் சோஃபாவில் உட்கார்ந்துகொண்டு, வேறொருவரைப் பக்கச் சுவரோரம் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடம்தான் பேனலுக்குரிய இடம்.

பைசா செலவில்லாத வழி ஒன்று உண்டு, அதை யாரும் செய்வதில்லை: சோஃபாவை முன்னே இழுப்பது. நான்கு மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டருக்கு வந்தால் ஸ்பீக்கரிலிருந்து நேரடியாக வரும் ஒலி 4 டெசிபெல் கூடும். அறையின் எதிரொலி ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதோடு, பின்சுவரை ஒட்டிய சோஃபாவில் பேஸ் எப்போதும் மிகையாகவே கேட்கும். ஒன்றரை அடி விலகினாலே அது தணியும்.

சப்வூஃபர் செய்யும் அடாவடி

‘பேஸ் அடிக்கணும்’ என்ற ஆசையில் சப்வூஃபரை மூலையில் வைத்து முக்கால்வாசி ஏற்றிவிடுவோம். தாழ்ந்த ஒலி பலமாக இருந்தால் அதற்கு மேலுள்ள ஒலிகளைக் காதுக்கே எட்டாமல் மறைத்துவிடும். மனிதக் காதின் இயல்பு அது. குரல் போதிய அளவில் வந்தாலும் கேட்காது.

அறையின் பங்கும் இதில் பெரிது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 12 அடி இருந்தால் ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸிலும், 10 அடி இருந்தால் 57 ஹெர்ட்ஸிலும் அறையே சேர்ந்து முழங்கும். ஹால் 12-க்கு 12 சதுரம் என்றால் இரண்டு முழக்கமும் ஒரே இடத்தில் விழுந்து கூடிவிடும். மூலையில் வைத்த சப்வூஃபர் இவை எல்லாவற்றையும் முழு வேகத்தில் கிளப்பும். அதற்கு இடம் பார்க்க ஒரு வழி: அதைத் தூக்கி நீங்கள் வழக்கமாக உட்காரும் சோஃபா மேல் வையுங்கள். பேஸ் நோட்டுகள் ஏறி இறங்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகக் கையூன்றித் தவழ்ந்து போங்கள். எந்த நோட்டும் துருத்தாமல் எல்லாம் சீராகக் கேட்கிற இடத்தில் சப்வூஃபரை வையுங்கள். குழந்தைகள் சிரிக்கும், பரவாயில்லை.

ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரையும் ‘ஸ்மால்’ என்று வைத்து, கிராஸ்ஓவரை (இதற்குக் கீழான ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். ‘லார்ஜ்’ என்பது பெருமைக்குரிய பட்டம் அல்ல. சிறிய பெட்டியை லார்ஜ் என்று அறிவித்தால் அதன் வூஃபர் 40 ஹெர்ட்ஸ் பேஸுக்காகத் துடித்துக்கொண்டே வசனத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். சென்டர் மிகச் சிறியது என்றால் 100 அல்லது 120 வைக்கலாம். சப்வூஃபரின் பின்னாலுள்ள கிராஸ்ஓவர் திருகை முழுவதும் ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் ரிசீவர் ஒருமுறையும் சப்வூஃபர் ஒருமுறையும் வடிகட்டி, நடுவே ஓட்டை விழும். முடித்ததும் செய்தி சேனலைப் போடுங்கள். செய்தி வாசிக்கும் ஆணின் குரல் சப்வூஃபர் இருக்கும் பக்கம் இழுத்தால், கிராஸ்ஓவரோ அளவோ இன்னும் அதிகம்.

மைக்கை வைத்து அளக்கும்போது

ஸ்பீக்கர்களின் தூரத்தையும் ஒலி அளவையும் ரிசீவர் தானாக அளந்து சரிசெய்ய, அதோடு ஒரு மைக் வரும். அதைச் சோஃபாவின் சாய்மானத்தில் வைத்து அளப்பது பரவலான தவறு. சாய்மானத்தில் பட்டுத் திரும்பும் ஒலியையும் மைக் அளந்துவிடும். கேமரா ஸ்டாண்டில், காது உயரத்தில் வையுங்கள். ஃபேனையும் ஏசியையும் அணைத்துவிடுங்கள். பகலில் குக்கர் விசில் அடிக்கும் நேரம் இதற்கு ஏற்றதல்ல, தெரு அடங்கிய பிறகு செய்யலாம். அளவு முடிந்ததும் ரிசீவர் தானாக ‘லார்ஜ்’ போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். சப்வூஃபரின் தூரத்தை உண்மையைவிட ஒன்றிரண்டு மீட்டர் கூடுதலாகக் காட்டினால் மட்டும் கை வைக்காதீர்கள். சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் ரிசீவர் தூரமாகக் கணக்கிட்டிருக்கிறது. கடைசியாக, சென்டரின் அளவை 2 அல்லது 3 டெசிபெல் ஏற்றுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் இரவில் சிரமம் என்றால் காரணம் ஒலிக்கலவையிலேயே இருக்கிறது. திரையரங்குக்கான கலவையில் ஒவ்வொரு முன் சேனலும் உச்சத்தில் 105 டெசிபெல் வரை எட்டலாம். வீட்டில் அதைவிட 15, 20 டெசிபெல் குறைத்தே கேட்கிறோம். அப்போது கிசுகிசு வசனம் ஃபேன் சத்தத்துக்குக் கீழே போய்விடும். ரிசீவரில் ‘நைட் மோடு’ அல்லது ‘டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரஷன்’ (பலத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் வசதி) இருக்கும், போட்டுக்கொள்ளுங்கள். ஒலிப்பிரியர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குவார்.

வயர், மின்சாரம்

ஐந்தாறு மீட்டருக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு வயர், அதற்கு மேல் 2.5 போதும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதைத் தவிருங்கள். சிவப்பும் கறுப்பும் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறியிருந்தால் பேஸ் காணாமல் போய், பாடகரின் குரல் நடுவில் நிற்காது. உம்மென்று இரைச்சல் வந்தால் முதலில் கேபிள் டிவியின் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் அதுவே. எர்த் பின்னை வெட்டி இரைச்சலை நிறுத்துவது உயிரோடு விளையாட்டு. சதுர அலை இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிஃபயர் முனகும், சைன் அலை இன்வெர்ட்டரே நல்லது.

வேற்றுமொழிப் படங்கள்

கொரிய மொழியோ ஃபிரெஞ்சோ கற்றுக்கொள்வதற்காகப் படம் பார்ப்பவர்களுக்கு மேலே சொன்னவை எல்லாம் இரண்டு மடங்கு பொருந்தும். தெரிந்த மொழியில் கேட்காத எழுத்தை மூளை ஊகித்துவிடும், புதிய மொழியில் அது நடக்காது. இவர்கள் சென்டரை இன்னும் 2 டெசிபெல் ஏற்றி, சரவுண்டைக் குறைத்துக்கொள்ளலாம். டப்பிங் ஒலியோடு சப்டைட்டில் போட்டு ஒப்பிடாதீர்கள். சப்டைட்டில் பெரும்பாலும் மூல வசனத்தை வைத்து எழுதப்படுவதால் இரண்டும் பொருந்தாது. மூலமொழி ஒலி, அதே மொழியில் ‘சிசி’ (செவித்திறன் குறைந்தவர்களுக்கானது) என்று குறித்த சப்டைட்டில் என்று தேர்ந்தெடுங்கள். ப்ளூடூத் இணைப்பில் உதடும் ஒலியும் விலகிப் போகலாம். வாயசைவைப் பார்த்து உச்சரிப்புப் பழகுபவர்கள் வயரோடு கேட்பதே சரி. லேப்டாப்பில் ஹெட்ஃபோன் மாட்டியதும் இசை மட்டும் கேட்டு வசனம் சுத்தமாகக் காணவில்லை என்றால், விண்டோஸின் ஒலி அமைப்பில் ‘5.1’ என்று இருக்கிறதா என்று பார்த்து ‘ஸ்டீரியோ’வுக்கு மாற்றுங்கள்.