கார் பெயின்ட் ஒண்ணும் குத்துவிளக்கு இல்ல: வேக்ஸ், பாலிஷ் போடுறப்ப நாம பண்ற தப்புங்க

என்னோட முதல் கார் செகண்ட் ஹேண்ட்ல வாங்குன கருப்பு கலர் வண்டி. வாங்குன மூணாவது வாரமே பெங்களூர் ஜேசி ரோடு போயி, கீறல தேய்ச்சு எடுக்குற ரப்பிங் காம்பவுண்ட் பேஸ்ட் ஒரு டப்பாவும், டிரில் மெஷின்ல மாட்டுற உல்லன் பேடும் வாங்கிட்டு வந்து, ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு ஆரம்பிச்சு வெயில் ஏற ஏற விடாம தேய்ச்சேன். பானெட் சும்மா கண்ணாடி மாதிரி வந்துச்சு. அந்த குஷில முன் டயருக்கு மேல ஃபென்டர்ல ஒரு மடிப்பு லைன் ஓடும்ல, அங்கயும் மெஷின வச்சு அமுக்குனேன். பத்து செகண்டு இருக்கும். கருப்புக்கு நடுவுல சாம்பல் கலர்ல ஒரு கோடு தெரிஞ்சுது, அழுக்குன்னு நெனச்சு இன்னும் கொஞ்சம் தேய்ச்சேன், கோடு பட்டையாச்சு. அப்புறம் தான் புரிஞ்சுது, அது பிரைமர்.

சிவாஜிநகர் பக்கம் ஒரு பெயின்டர் அண்ணன்கிட்ட கொண்டு போய் காட்டுனேன், வேலூர் பக்கத்துக்காரர். விரலால தடவி பாத்துட்டு, "ஏம்ப்பா தம்பி, இத என்ன குத்துவிளக்குன்னு நெனச்சியா, புளி போட்டு தேய்க்க?"ன்னாரு.

விஷயம் அதான். பித்தளைய எவ்வளவு தேய்ச்சாலும் உள்ள பித்தளை தான் இருக்கும். கார்ல அப்படி கிடையாது, தகரத்துக்கு மேல பிரைமர், அதுக்கு மேல கலர், அதுக்கும் மேல கிளியர் கோட்னு ஒரு கலரில்லாத லேயர். நாம பாக்குற பளபளப்பு அந்த கிளியர் கோட்லேர்ந்து தான் வருது, வெயில்ல கலர் வெளுக்காம காப்பாத்துறதும் அதே தான். அதோட தடிமன் பெரும்பாலான வண்டில 40, 50 மைக்ரான் தான் இருக்கும், நம்ம தலைமுடி ஒண்ண விட மெல்லிசு. ஒவ்வொரு தடவை காம்பவுண்ட் போடும்போதும் அதுல கொஞ்சம் போயிடும், போனது போனது தான், மேல என்ன ஊத்தினாலும் திரும்ப வராது. மடிப்பு லைன், கதவு ஓரம், பானெட் ஓரம் இங்கெல்லாம் பெயின்ட் சாதாரணமாவே மெல்லிசா தான் உக்காரும், சுத்துற பேடோட அழுத்தமும் சூடும் அந்த ஒரு கோட்டு மேலயே விழும், அதனால முதல்ல கிழியுறது அங்க தான். மெஷின் போடுறவங்க அந்த ஓரத்துக்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டுறது இதுக்கு தான், நான் என்னமோ பெயின்ட் அடிக்கும்போது மட்டும் ஒட்டுறதுன்னு நெனச்சிருந்தேன்.

நம்ம ஆளுங்க "வேக்ஸ் பாலிஷ்"னு ஒரே மூச்சுல சொல்லுவோம், கடைல டப்பா மேலயும் அப்படியே போட்டிருப்பான், ஆனா ரெண்டும் நேர் எதிர் வேலை. காம்பவுண்ட் மாதிரியே பாலிஷும் அரிக்கும், ரொம்ப நைசான மண்ணு கலந்த பேஸ்ட்டுன்னு வச்சுக்கோங்க, கீறலோட ஓரத்தை மழுக்கி சமமாக்குது, அதான் கீறல் காணாம போன மாதிரி தெரியுது. வேக்ஸ் மேல ஒரு படலமா உக்காரும், எதையும் எடுக்காது. நல்ல வேக்ஸ்ல போடுற கார்னௌபா மெழுகு பிரேசில்ல வளர்ற ஒரு பனை வகையோட ஓலைலேர்ந்து எடுக்குறது, சில மாத்திரைங்களுக்கு மேல பளபளன்னு இருக்கே, அதுக்கும் இதே மெழுகு பூசுறாங்க. ஆக, வேக்ஸ் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கூட போடலாம், வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. பாலிஷ மாசாமாசம் போட்டா நாலஞ்சு வருஷத்துல பானெட் மேல தேமல் மாதிரி வெள்ளை திட்டு விழ ஆரம்பிச்சிடும். பாலிஷ் போடுறப்ப துணில உங்க வண்டி கலர் வருதான்னு பாத்துக்கிட்டே இருங்க. இப்ப வர்ற வண்டில கலர் வரக்கூடாது, வந்தா கிளியர் கோட்ட தாண்டிட்டீங்கன்னு அர்த்தம், அப்படியே கைய எடுத்துடுங்க.

சரி, பாலிஷே ஏன் தேவைப்படுது? ராத்திரி பெட்ரோல் பங்க் லைட் அடியில பானெட்ட பாருங்க, லைட்ட சுத்தி சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கீறல் தெரியும். கருப்பு வண்டில நல்லாவே தெரியும், வெள்ளையில இருக்கும் ஆனா கண்ணுக்கு படாது, வெள்ளை வண்டிக்காரங்க குடுத்து வச்சவங்க. இந்த கீறல்ல முக்கால்வாசி ரோட்ல விழுந்தது இல்ல, நாம தொடச்சே போட்டது. காலைல ஆபீஸ் கெளம்புற அவசரத்துல காஞ்ச டஸ்டர எடுத்து சரக் சரக்னு ரெண்டு இழு இழுப்போம் பாருங்க, அதான். மெட்ரோ வேலை நடக்குற ரோட்ல தினம் போய் வர்ற வண்டி மேல செம்மண்ணும் சிமெண்ட் தூசியும் ஒரு படலமா உக்காந்திருக்கும், அத காஞ்ச துணியால இழுத்தா உப்புத்தாள் வச்சு தேய்க்கிற மாதிரி தான்.

அபார்ட்மெண்ட்ல காலைல அஞ்சு மணிக்கு வண்டி தொடைக்க வர்றவர குத்தம் சொல்லியும் பிரயோஜனம் இல்ல, ஒரு பக்கெட் ஒரு துணில அவர் பத்து வண்டி முடிச்சாகணும், அந்த தண்ணி மூணாவது வண்டிலயே டீ கலர் ஆயிடும். நான் அவர்கிட்ட, "அண்ணே, காச குறைக்கல, கண்ணாடியும் வீலும் மட்டும் தொடைங்க, பாடிய தொடாதீங்க"ன்னு சொல்லிட்டேன். என்ன ஒரு மாதிரி பாத்தாரு. ஆனா புது கீறல் விழுறது அப்படியே நின்னுச்சு.

கழுவும்போது ரெண்டு பக்கெட் வைங்க, ஒண்ணுல ஷாம்பு, ஒண்ணுல வெறும் தண்ணி. துணிய வெறும் தண்ணில அலசிட்டு தான் ஷாம்பு பக்கெட்ல திரும்ப விடணும். மேலேர்ந்து கீழ வாங்க, பம்பரும் டயர் ஓரமும் கடைசி. பாத்திரம் தேய்க்கிற லிக்விட் வேண்டாம், அது எண்ணெய் பிசுக்க எடுக்குறதுக்குன்னே செஞ்சது, நீங்க போன மாசம் போட்ட வேக்ஸ் அதுக்கு இன்னொரு பிசுக்கு, அவ்ளோ தான்.

தண்ணி விஷயம் பெங்களூர்ல தனி கதை. 2024 மார்ச்ல தண்ணி பஞ்சம் வந்தப்ப, குடிக்கிற தண்ணில வண்டி கழுவினா 5000 ரூபா ஃபைன்னு குடிநீர் வாரியம் சொல்லுச்சு, ஞாபகம் இருக்கும். அப்ப எல்லாரும் புத்திசாலித்தனமா ஆர்ஓ மெஷின்லேர்ந்து வர்ற வேஸ்ட் தண்ணிய புடிச்சு வச்சு வண்டி கழுவ ஆரம்பிச்சோம், நானும் தான். யோசிச்சு பாருங்க, மெஷின் பிரிச்சு எடுக்குற உப்பு பூரா அந்த வேஸ்ட் தண்ணிலயே தானே போகுது, போர் தண்ணிய விட உப்பு ஜாஸ்தி அதுல! வெயில்ல அப்படியே காஞ்சா பானெட் பூரா சோறு வடிச்ச கஞ்சி தெறிச்ச மாதிரி வெள்ளை வட்டம். ஆர்ஓ வேஸ்ட் தண்ணி வாசல் கழுவ, பாத்ரூம் கழுவ, வேணும்னா டயருக்கு. பாடிக்கு காவேரி தண்ணி வர்ற ஏரியாலயும் குடிதண்ணி வேணாம்னு நெனச்சா மழைத்தண்ணி புடிச்சு வைங்க, இல்ல அப்புறமா தண்ணி ஊத்தி அலச தேவையில்லாத ரின்ஸ்லெஸ் வாஷ் லிக்விட் கலந்து ஒரே பக்கெட்ல முடிச்சிடலாம். எந்த தண்ணியா இருந்தாலும் தானா காய விடாதீங்க, உடனே ஒத்தி எடுத்துடணும். வட்டம் விழுந்துடுச்சா, உடனே காம்பவுண்டுக்கு ஓடாதீங்க, வெள்ளை வினிகர்ல பாதிக்கு பாதி தண்ணி கலந்து துணில நனைச்சு ஒரு நிமிஷம் போட்டு வச்சு கழுவிடுங்க. புதுசா விழுந்த வட்டமா இருந்தா பெரும்பாலும் போயிடும், கூடவே அங்க இருந்த வேக்ஸும் போயிடும், அத திரும்ப போட்டுக்கலாம்.

அதே மாதிரி தான் பறவை எச்சமும். தூங்குமூஞ்சி மரத்தடில நிறுத்துறவங்களுக்கு தெரியும், சாயங்காலம் வந்து பாத்தா வண்டி மேல ஒரு கண்காட்சியே இருக்கும். காஞ்சு போனத நகத்தால சுரண்டுறது தான் பெரிய தப்பு. ஈரத்துணிய அது மேல போட்டு அஞ்சு நிமிஷம் ஊற விடுங்க, தானா கழண்டு வரும். ஆனா ரெண்டு மூணு நாள் விட்டுட்டா அதுல இருக்குற ஆசிட் கிளியர் கோட்லயே இறங்கி தடம் போட்டுடும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் நடக்குறது இன்னொண்ணு. பானெட் பூரா மஞ்சள் பட்டை, நடுவுல குங்குமம், ரெண்டு பக்கமும் வாழைக்கன்னு, பாக்க நல்லா தான் இருக்கும். கழுவுனதுக்கு அப்புறமும் வெள்ளை வண்டில மஞ்சக்கறை லேசா நிக்கும், உடனே காம்பவுண்ட எடுத்துடுவோம். மஞ்சள் வெயில்ல தானா வெளுக்கும், வேட்டில பட்ட கறையே வெயில்ல காய போட்டா போகுதுல்ல? ரெண்டு நாள் வெயில்ல நிறுத்திட்டு அப்புறம் பாருங்க.

இப்ப வேக்ஸுக்கு வருவோம். கழுவி தொடச்ச உடனே போட்டுட முடியாது, முதல்ல ஒரு பிரெட் கவர கைல மாட்டிக்கிட்டு பானெட்ட தடவி பாருங்க. வெறும் கைக்கு வழவழன்னு இருந்த இடம் கவர் போட்டா ரவை கொட்டி வச்ச மாதிரி சொரசொரன்னு தெரியும். அது பெயின்ட்ல ஒட்டிக்கிட்ட இரும்புத்தூள், தார், சிமெண்ட். அத கிளே பார்னு களிமண் மாதிரி ஒரு கட்டி இருக்கு, அதால தடவி எடுக்கணும், ஷாம்பு தண்ணி தாராளமா விட்டுக்கிட்டு, அமுக்காம. கிளே கீழ விழுந்துச்சுன்னா தயவு செஞ்சு தூக்கி போட்டுடுங்க, அறுநூறு ரூபா போச்சேன்னு கழுவி யூஸ் பண்ணா அதுல புதைஞ்ச மண்ணு முழு வண்டிக்கும் கோலம் போடும். மைக்ரோஃபைபர் துணிக்கும் இதே ரூல் தான், கீழ விழுந்தது நேரா துவைக்க போகணும், அதுவும் தனியா, வாசனை கண்டிஷனர் ஊத்தாம. பழைய பனியன் துணிய மறந்துடுங்க, அதோட தையல் ஒண்ணே போதும்.

வேக்ஸ்ல எல்லாரும் பண்ற தப்பு அள்ளி அப்புறது. தோசைக்கல்லுக்கு வெங்காயத்தால எண்ணெய் தடவுவோம்ல, அந்த அளவு தான். தடிமனா போட்டா பளபளப்பு அதிகமாகாது, தொடச்சு எடுக்க கை தான் வலிக்கும். வெயில்ல நின்ன சூட்டோட போடாதீங்க, பானெட்ல புறங்கைய வச்சா ஜில்லுன்னு இருக்கணும். முழு வண்டிக்கும் பூசிட்டு டீ குடிக்க போறதும் வேணாம், ஒரு கதவு முடிச்சு தொடச்சிட்டு அடுத்த கதவு. காஞ்சுதான்னு விரலால ஒரு இழுப்பு இழுங்க, சுத்தமா கோடு விழுந்தா தொடைக்கலாம், ஈஷிக்கிட்டா இன்னும் ரெண்டு நிமிஷம். கருப்பு பிளாஸ்டிக் பம்பர் ஓரத்துல பட்டா வெள்ளையா காஞ்சு போகும், அங்க டேப் ஒட்டிடுங்க, ஏற்கனவே பட்டுருந்தா சோப்பு தண்ணியும் பழைய டூத் பிரஷும். அந்த பிளாஸ்டிக்க கருப்பாக்க தேங்காய் எண்ணெய் பூசுற மாமா ஒருத்தர் எங்க பேஸ்மெண்ட்ல இருக்காரு, காலைல பளபளன்னு இருக்கும், சாயங்காலம் ஊர் தூசி பூரா அதுல. சொன்னா கேக்க மாட்டாரு, நானும் சொல்றத விட்டுட்டேன்.

என் ஃபென்டருக்கு அந்த அண்ணன் தான் ரீபெயின்ட் பண்ணி குடுத்தாரு. அடுத்த ஞாயிறே வேக்ஸ் டப்பாவோட உக்காந்துட்டு எதுக்கும் ஒரு போன் போட்டேன், "வேணாம்பா, கைய வைக்காத! கார் கம்பெனில 140 டிகிரி பக்கம் ஓவன்ல வேக வச்சு எடுக்குறான், என் கடைல அது முடியாது, இதுக்குள்ள தின்னர் இன்னும் வெளிய வந்துக்கிட்டு இருக்கு, மேல மெழுக பூசி மூடிட்டா அது எங்க போகும்? ரெண்டு மாசம் சும்மா விடு"ன்னாரு. விட்டேன். அந்த ரெண்டு மாசமும் மழை பெஞ்சப்பல்லாம் வேக்ஸ் போட்ட பானெட் மேல தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடும், அந்த ஒரு ஃபென்டர்ல மட்டும் தட்டையா பரவி நிக்கும், சிக்னல்ல பைக்ல நிக்கிறவன் யாராவது பாத்தா கூட எனக்கு அந்த இடத்த தான் பாக்குறான்னு தோணும்.