6 வோல்ற் றேடியோவும் 12 வோல்ற் பற்றரியும்: பழைய கார்க்காரர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் பழைய ஃபோர்ட் பிரிஃபெக்டையோ, 1960களின் முற்பகுதியில் வந்த பீட்டிலையோ வைத்திருப்பவர், 6 வோல்ற் பற்றரியோடு மல்லுக்கட்டிக் களைத்து ஒருநாள் 12 வோல்ற்றுக்கு மாறிவிடுகிறார். கார் ஒரே திருப்பில் கிளம்புகிறது, முகப்பு விளக்கும் பளிச்சிடுகிறது. கழற்ற மனமில்லாமல் விட்ட பழைய பொருட்கள்தான் பிறகு தொல்லை தருகின்றன: வால்வு றேடியோ, மின்விசிறி, எரிபொருள் மானி, ஹோர்ன்.

மின்குமிழ்களுக்காக மூளையைக் கசக்க வேண்டாம். 12 வோல்ற் குமிழ் வாங்கி மாற்றுங்கள். இரண்டு 6 வோல்ற் குமிழ்களைத் தொடராக இணைத்துக் காசு மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. ஒன்று எரிந்துபோனால் மற்றதும் அணைந்துவிடும். பிரேக் விளக்கில் அந்தச் சிக்கனம் ஆபத்து.

இந்தப் பொருட்கள் எல்லாவற்றுக்கும் மின்னழுத்தத்தைக் குறைக்க ஒரு தடையி (ரெசிஸ்டர்) போதும் என்ற நம்பிக்கைதான் மிகப் பெரிய தவறு. இயந்திரம் ஓடும்போது 12 வோல்ற் காரில் கிட்டத்தட்ட 14 வோல்ற் இருக்கும். 6 வோல்ற் பொருளுக்கு வேண்டியது 7 அளவில். 3 அம்பியர் இழுக்கும் விசிறிக்கு மீதி 7 வோல்ற்றைக் குறைக்க ஏறக்குறைய 2.3 ஓம் தடையி தேவை. அதில் 21 வாற் வெப்பமாகப் போகும். 50 வாற் தாங்கும் தடையியைத் துணி, இரப்பர் படாமல் உலோகத் தகட்டில் பூட்ட வேண்டும். கணக்கு சரிதான், ஆனால் விசிறி கணக்குப்படி நடக்காது. நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் மோட்டர் பல மடங்கு மின்னோட்டம் கேட்கும். அந்த நேரத்தில் தடையியே பெரும்பங்கு அழுத்தத்தை விழுங்கிவிடுவதால் விசிறி முனகிக்கொண்டே நிற்கும், சுருள் சூடேறும். எரிபொருள் மானி இன்னும் மோசம்: தொட்டியில் பெற்றோல் குறையக் குறைய அதன் மின்னோட்டமும் மாறும், அதனால் முள் காட்டுவது பொய்க்கணக்கு. மின்னோட்டம் மாறாத பொருளுக்கு மட்டுமே தடையி பொருந்தும். மற்றவற்றுக்கு 12இலிருந்து 6 வோல்ற்றுக்குக் குறைக்கும் மின்மாற்றுக் கருவியே நல்லது. மோட்டருக்கானால் அது ஓடும்போது இழுக்கும் மின்னோட்டத்தைப் பார்க்காமல், தொடக்க மின்னோட்டத்தைத் தாங்கும் அளவில் வாங்குங்கள்.

அந்தக் கருவியிலும் ஒரு பொறி உண்டு. பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். சந்தையில் கிடைக்கும் மாற்றுக் கருவிகளோ பெரும்பாலும் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் எதிர்முனையைப் பொதுவாக வைத்திருப்பவை. அதில் றேடியோவை இணைத்து, அதன் உலோகப் பெட்டியை உடலில் பூட்டினால் குறுக்குச்சுற்றுதான். உள்ளீடும் வெளியீடும் பிரிந்த கருவியை வாங்குங்கள், அல்லது பெட்டியை உடலிலிருந்தும், ஏரியல் வயரின் வெளியுறையிலிருந்தும் காப்பிட்டுப் பிரியுங்கள்.

பற்றரியின் நடுக்கலத்தில் வயர் கொளுவி 6 வோல்ற் எடுப்பதும் பழைய வித்தை. ஒரு பாதி வற்றும், மறுபாதி அளவுக்கு மேல் ஏற்றப்படும். பற்றரி விரைவில் பாழாகும். இன்றைய பற்றரிகள் பலவற்றில் நடுக்கலத்தை எட்டவே முடியாது என்பது ஒரு வகையில் நன்மை.

பழைய கனவயர் 12 வோல்ற்றுக்கும் தாராளம், ஏனெனில் அதே வேலைக்குப் பாதி மின்னோட்டமே போதும். அதன் துணி உறை உரிந்திருந்தால் மாற்றுங்கள். உருகியையும் (ஃபியூஸ்) குறைந்த அளவுக்கு மாற்றுவது நல்லது. பாதி மின்னோட்டத்துக்குப் பழையது பெரிது, பொருளில் கோளாறு வந்தாலும் அது உடனே எரியாமல் போகலாம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரமாக நிறுத்தும் கார்களில் உடல் இணைப்புகளை உப்புத் துரு தின்னும். மாற்றுக் கருவியைக் குறைசொல்லும் முன் போல்ற்றைக் கழற்றிப் பளபளக்கத் தேய்த்துப் பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காரினுள் வெப்பம் ஏறும் என்பதால், கருவியை மூடிய பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

ஹோர்னை மட்டும் அப்படியே விடலாம் என்பார்கள். ஓரிரு குறுகிய ஒலிக்குத் தாங்கும், நீண்டு அழுத்தினால் உள்முனைகள் கருகும். கலியாண ஊர்வலத்தில் ஹோர்னை விடாமல் அழுத்தும் ஆளாக நீங்கள் இருந்தால், 12 வோல்ற் ஹோர்ன் ஒன்றை வாங்கிவிடுங்கள்.