அமாமி ஓஷிமா: காட்டிலும் சாப்பாட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானின் தெற்கே, கியூஷுவுக்கும் ஒகினாவாவுக்கும் இடையே, ககோஷிமா மாநிலத்தைச் சேர்ந்த அமாமி ஓஷிமா ஏறத்தாழ 712 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மிதவெப்பமண்டலத் தீவு. அங்கே போகிறவர்கள் பலரும் கடற்கரையை மட்டும் மனத்தில் வைத்தே பயணத்தைத் திட்டமிடுகிறார்கள். உண்மையில் தீவின் பெரும்பகுதி மலைக்காடு. தோக்குனோஷிமா தீவு, ஒகினாவாவின் வடபகுதி, இரியோமோத்தே தீவு ஆகியவற்றுடன் சேர்த்து 2021-இல் யுனெஸ்கோ இதனை உலக இயற்கை மரபுப் பட்டியலில் சேர்த்ததும் அந்தக் காட்டு உயிர்களுக்காகவே.

அவற்றுள் முதன்மையானது, இங்கும் தோக்குனோஷிமாவிலும் மட்டுமே வாழும் அமாமி முயல். கருத்த ரோமமும் குட்டைக் காதுகளும் கொண்ட இந்த இரவு விலங்கு தன் குட்டியை உடன் வைத்துக்கொள்வதில்லை. தாய் முயல் தனியாக ஒரு வளை தோண்டி, குட்டியை உள்ளே விட்டு, வாயை மண்ணால் அடைத்துவிட்டுப் போகிறது. ஓரிரு இரவுகளுக்கு ஒருமுறை திரும்பி வந்து, மண்ணை விலக்கிப் பால் கொடுத்து, மறுபடியும் அடைத்து மூடுகிறது. சாலையில் அடிபடும் ஒரு தாயோடு, வளைக்குள் காத்திருக்கும் குட்டியும் சாகக்கூடும் என்பதால், இரவில் முயல் பார்க்கும் ஆசையில் காட்டுச் சாலையில் வேகமாக ஓட்டுவதுதான் இத்தீவில் செய்யக்கூடிய ஆகப் பெரிய தவறு. சான்தாரோ கணவாய்ப் பகுதிக்கு இரவில் போக முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது.

ஹபு எனப்படும் குழிவிரியனை அலட்சியம் செய்வது இன்னொரு தவறு. கரும்புத் தோட்டம், கல் சுவரின் இடுக்கு, புல் மண்டிய பாதை என எங்கும் இருக்கக்கூடிய இந்த நச்சுப்பாம்பு இரவில்தான் நடமாடும் என்பதால், இருட்டிய பிறகு டார்ச்சும் மூடிய காலணியும் இல்லாமல் வெளியே போகக் கூடாது. இதை ஒழிப்பதற்கென்று 1979-இல் கீரிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். கீரி பகலில் இரை தேடும், ஹபு இரவில் வெளிவரும். இரண்டும் சந்தித்துக்கொண்டதே அரிது. பெருகிய கீரிகள் முயலைத் தின்றன. பல்லாண்டு வேட்டைக்குப் பின், 2024 செப்டம்பரில்தான் அவை முற்றிலும் ஒழிந்ததாக அறிவிக்க முடிந்தது.

பனைபோலத் தோன்றும் சைக்கஸ் மரத்தின் செந்நிற விதைகளைப் பறித்து வாயில் போட்டுப் பார்க்கக் கூடாது. சைக்கசின் என்ற நச்சு அவற்றில் உண்டு. 1609-க்குப் பிறகு, தெற்குக் கியூஷுவை ஆண்ட சத்சுமா பிரபுக்களின் ஆட்சியின் கீழ்க் கரும்பு பயிரிடும் கட்டாயத்தில் உணவுப்பயிர் குறைந்த காலங்களில், பலமுறை நீரில் ஊறவைத்து, நொதிக்கவிட்டு, உலர்த்தி நச்சை நீக்கிய சைக்கஸ் மாவைத்தான் மக்கள் கஞ்சியாக்கிக் குடித்தார்கள். அந்த விதையில் செய்த நாரி மிசோ என்ற நொதித்த பசையைக் கடையில் வாங்கிச் சுவைத்தாலே போதும்.

தீவின் புகழ்பெற்ற கெய்ஹானைக் கோழிச்சோறு என்று கேள்விப்பட்டு, தட்டு நிறையச் சோற்றைப் போட்டுக்கொண்டு குழம்பு ஊற்றுவதுபோலக் கொஞ்சம் சாறு விடுகிறவர்கள் அதன் சுவையை இழக்கிறார்கள். கிண்ணத்தில் குறைவாகச் சோறு வைத்து, நாராகப் பிய்த்த கோழி, மெல்லிய முட்டைக் கீற்று, ஷீத்தாகே காளான், பப்பாளி ஊறுகாய், பொடியாக அரிந்த ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றை மேலே பரப்பி, எல்லாம் மூழ்கும்படி கொதிக்கும் கோழிச்சாற்றை ஊற்ற வேண்டும். சைவர்கள் அபுரா சோமென் என்ற நூடுல்ஸைக் காய்கறிப் பண்டம் என்று நம்பிவிட வேண்டாம். அதில் பொடிக் கருவாடு சேர்ப்பது வழக்கம்.

வெல்லத்திலிருந்து வடிக்கும் கொகுதோ ஷோச்சு என்ற மது இனிக்கும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. வடிக்கையில் சர்க்கரை பின்தங்கிவிடுவதால் மணம் மட்டுமே மிஞ்சும். அமெரிக்க நிர்வாகத்திலிருந்து 1953 டிசம்பர் 25 அன்று ஜப்பானிடம் திரும்பிய அமாமித் தீவுகளுக்கு மட்டுமே, அரிசிக் கோஜி (நொதிக்க உதவும் பூஞ்சை வளர்த்த அரிசி) சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, இதைத் தயாரிக்கும் உரிமை உண்டு. ஒகினாவாவின் அவமோரி இதிலிருந்து வேறுபட்ட, அரிசியில் வடிக்கும் மது.

ஊருக்குக் கிளம்பும்போது பச்சைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பையில் வைக்காதீர்கள். கூன்வண்டு பரவாமல் இருக்க, அதை ஜப்பானின் பெருநிலப் பகுதிக்குக் கொண்டுபோகச் சட்டம் தடை விதிக்கிறது, வேகவைத்ததற்குத் தடையில்லை. நோய் பரப்பும் சைலிட் பூச்சியின் காரணமாக ஆரஞ்சு, எலுமிச்சை இனக் கன்றுகளுக்கும் இதே தடை உண்டு. தாங்கான் ஆரஞ்சுப் பழங்கள் 2015-இல் பழ ஈ பரவியபோது டிசம்பரிலிருந்து வெளியே போகாமல் நிறுத்தப்பட்டன. 2016 ஜூலையில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. பிப்ரவரியை ஒட்டிப் போகிறவர்கள் அவற்றைப் பெட்டியாக வாங்கி அனுப்பலாம்.