நிவாரண வாளி கட்டுவது எப்படி? முதல் முறை இறங்கும் சபைகளுக்கு

அமெரிக்காவில் எங்கள் தமிழ்ச் சபையார் சேர்ந்து, எம்சிசி என்று அழைக்கப்படும் மென்னனைட் சென்ட்ரல் கமிட்டி என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்துக்கு நிவாரண வாளிகள் கட்டிக் கொடுத்து வருகிறோம். அகதி முகாம் போன்ற இடங்களில் தவிக்கும் குடும்பங்களுக்குச் சோப்பு, துண்டு முதலியவற்றை நிரப்பி அனுப்பும் வாளி இது. 1920-ல், இன்றைய உக்ரைன் பகுதியில் பஞ்சத்தில் தவித்தவர்களுக்காகத் தொடங்கிய அமைப்பு எம்சிசி. இந்த வாளிகள் சிரியா, ஜோர்டான் வரை போயிருக்கின்றன. உங்கள் சபையிலும் செய்யலாம்.

படி 1: பட்டியலை அச்செடுங்கள்

ஒரு வாளிக்கு: குளியல் சோப் 4, ஷாம்பூ 1 (380 முதல் 710 மி.லி.), துணி துவைக்கும் பெரிய சோப்புக் கட்டி 4, பெரியவர்களுக்கான டூத் பிரஷ் 4, நடுத்தரக் கனமுள்ள குளியல் துண்டு 4, அகலப் பல் சீப்பு 2, நகவெட்டி 1, குறைந்தது 40 பிளாஸ்திரி உள்ள பெட்டி 1, தடித்த சானிட்டரி நாப்கின் பாக்கெட் 1 (18 முதல் 24 வரை). எல்லாம் மூடியுள்ள 5 கேலன், அதாவது சுமார் 19 லிட்டர் பிளாஸ்டிக் வாளிக்குள் போக வேண்டும். அந்த வாளியும் நிவாரணப் பொருள்தான். முகாமில் தண்ணீர் பிடிக்க உதவும்.

பட்டியல் அவ்வப்போது மாறும். கடைக்குக் கிளம்பும் முன் எம்சிசி இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். பட்டியலில் இல்லாததைச் சேர்க்க வேண்டாம். வரிசையில் நிற்கும் ஒரு குடும்பத்துக்குக் கூடுதலாகவும் அடுத்த குடும்பத்துக்குக் குறைவாகவும் கிடைத்தால், அங்கே விநியோகிப்பவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பழைய துணி கண்டிப்பாக வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் சாலையோரம் குவிந்து கிடந்த பழந்துணி மூட்டைகளை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

படி 2: யார் எதைக் கொண்டுவருவது

"முடிந்ததைக் கொண்டுவாருங்கள்" என்று அறிவித்தால் பிரஷும் குளியல் சோப்பும் குவியும், துண்டு வராது. அதனால் துண்டுக்கும் சலவை சோப்புக்கும் காணிக்கையாகப் பணம் வாங்கி மொத்தமாக வாங்குங்கள். மற்றவற்றைக் குடும்பவாரியாகப் பிரித்துக் கொடுங்கள். இங்கே எல்லார் வீட்டிலும் வாஷிங் மெஷின் இருப்பதால் கடைகளில் சோப்புக் கட்டி கண்ணில் படாது. ஃபெல்ஸ் நாப்தா என்ற சலவை சோப்பைக் கேட்டுப் பாருங்கள். மெக்சிகன் கடைகளில் சோட்டே என்ற சலவை சோப் கிடைக்கும், கட்டி பெரிது. என் ஓட்டு அதற்குத்தான்.

படி 3: அடுக்குவது

பலரும் திணறும் இடம் இது. மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டால் மூடி மூடாது. சலவை சோப்பை அடியில் படுக்கையாக வையுங்கள். துண்டுகளை நீளவாக்கில் மடித்து, வாளியின் உட்சுவரை ஒட்டி வளைத்து நிறுத்துங்கள். நடுவில் கிணறு போல ஓர் இடம் கிடைக்கும். ஷாம்பூவின் மூடியை டேப் போட்டு ஒட்டி, ஜிப் பையில் போட்டு அந்த நடுவிடத்தில் நிமிர்த்தி வையுங்கள். அதைச் சுற்றிக் குளியல் சோப். சீப்பு, பிரஷ் எல்லாம் துண்டு மடிப்புகளுக்குள் செருகிக்கொள்ளும். நாப்கின் பாக்கெட் மேலே வரட்டும், அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. அப்புறம் ரப்பர் சுத்தியால் மூடியைச் சுற்றிலும் தட்டுங்கள். வாளியையும் மூடியையும் ஒரே கடையில் வாங்குங்கள். அளவு ஒன்றாகத் தெரிந்தாலும் விளிம்பு பொருந்தாமல் போகும்.

படி 4: வசன அட்டை

"ஒரு வசனம் எழுதி உள்ளே வைக்கலாமா?" என்று எந்தச் சபையிலும் யாராவது கேட்பார்கள். அன்பினால் கேட்பதுதான். ஆனாலும் வைக்கக் கூடாது. 1994-ல் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் வகுத்த நடத்தை விதிகளில் மூன்றாவது இதுதான்: உதவியை எந்த அரசியல், மத நிலைப்பாட்டையும் முன்னெடுக்கப் பயன்படுத்தக் கூடாது. வாளியைத் திறப்பது ஒரு முஸ்லிம் குடும்பமாக இருக்கலாம். துண்டைக் கொடுத்து மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் ஒருமுறை எழுந்துவிட்டால், அந்த ஊரிலேயே வாழ்ந்து விநியோகிக்கும் பணியாளர்களுக்குத்தான் ஆபத்து. போதகர் இதை ஆராதனை அறிவிப்பிலேயே சொல்லிவிட்டால் நல்லது. எழுத ஆசைப்படும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளிடம் சாமான்களை எண்ணிச் சரிபார்க்கும் வேலையைக் கொடுங்கள். நாப்கினோ நகவெட்டியோ விடுபட்டால் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது.

படி 5: ஒப்படைப்பது

பென்சில்வேனியாவில் இருப்பவர்கள் எஃப்ரட்டாவில் உள்ள எம்சிசி கிடங்கில் கொடுக்கலாம். போன் செய்துவிட்டுப் போங்கள். கப்பல் செலவுக்கென்று ஒரு தொகையும் சேர்த்துக் கொடுத்தால் பேருதவி.

பின்னர் சேர்த்தது: இரண்டு கேள்விகள் வந்தன. ஹோட்டல் குட்டி சோப்புகளைப் போடலாமா? வேண்டாம், முழு அளவு சோப்புதான். இலங்கையில் வெள்ளம் வந்தால் இதே வாளியை அனுப்பலாமா? எந்த நாட்டுக்குப் போக வேண்டும் என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. தவிர, சோப்பும் துண்டும் அங்கேயே கடைகளில் கிடைக்கும்போது நம்பிக்கையான அமைப்பு வழியாகப் பணம் அனுப்புவதுதான் சரி. சீக்கிரம் போய்ச் சேரும், அந்த ஊர்க் கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கும்.