குர்செட்டினில் குளுக்கோஸ் பூட்டும் ஈ. கோலை: என் செய்முறை

வெங்காயத்தில் உள்ள மஞ்சள் சேர்மமான குர்செட்டின் தனியாக இருந்தால் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. அதில் ஒரு குளுக்கோஸ் ஏறிவிட்டால் ஓரளவு கரையும். செடிகள் இதை அன்றாடம் செய்கின்றன. ஈ. கோலை என்ற பாக்டீரியாவைச் செய்ய வைக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அதில் பாதி, பார்க்கக் கூடாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் போனது. அந்த ஆறு மாதம் உங்களுக்காவது மிஞ்சட்டும்.

முதலில் நொதி. அரபிடாப்சிஸ் செடியின் யூஜிடி78டி2, குர்செட்டினின் 3ஆம் இடத்தில் குளுக்கோஸைப் பூட்டும். இடம் பிசகாத நொதியையே எடுங்கள். இரண்டு மூன்று இடங்களில் ஒட்டும் நொதியை எடுத்தால், பிறகு கலவையைப் பிரிக்கப் படும் பாடு பெரிது. மரபணுவை ஈ. கோலையின் கோடான் (அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறி) வழக்கத்துக்கு ஏற்ப எழுதி வாங்கி, பெட் வகைப் பிளாஸ்மிடில் (மரபணுவைச் சுமக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) வைத்து, பிஎல்21(டிஇ3) என்ற ஈ. கோலை ரகத்துக்குள் ஏற்றுங்கள். இங்கே புதுமை எதுவும் வேண்டாம்.

செடி நொதிகளுக்கு 37 டிகிரி பெரும்பாலும் ஒத்துவராது. உருக்குலைந்து கட்டிகட்டியாகப் படிந்துவிடும். ஒளியடர்த்தி (வளர்ப்பின் கலங்கல் அளவு) 0.6 வந்ததும் வளர்ப்பை 18 டிகிரிக்கு இறக்கி, 0.1 மில்லிமோலார் ஐபிடிஜி (மரபணுவை இயக்கத் தூண்டும் பொருள்) போட்டு இரவு முழுக்க விடுங்கள். புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் நொதியின் பட்டை தடிமனாகத் தெரிகிறதே என்று மகிழ வேண்டாம். செல்லை உடைத்துச் சுழற்றிய பிறகு மேல்தெளிவில் பட்டை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. படிவில் மட்டும் இருந்தால் உங்களிடம் நொதியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். நொதி பூட்டுகிற குளுக்கோஸ் சாதாரண குளுக்கோஸ் அல்ல, யூடிபி என்ற மூலக்கூறு ஒட்டிய யூடிபி-குளுக்கோஸ். அதை வெளியிலிருந்து ஊற்றினால் செல்லுக்குள் நுழையாது; செல்லே செய்தாக வேண்டும். பிஜிஎம் நொதி, செல்லுக்குள் குளுக்கோஸ் எடுக்கும் வடிவமான குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டை குளுக்கோஸ்-1-பாஸ்பேட் ஆக்கும், கால்-யூ நொதி அதை யூடிபி-குளுக்கோஸ் ஆக்கும். ஆனால் அந்த 6-பாஸ்பேட்டின் பெரும்பங்கைச் செல் தன் வயிற்றுக்கே எடுத்துக்கொள்ளும். அதனால் முதலில் இந்த இரண்டு மரபணுக்களையும் வேறு ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு கொண்ட, முதல் பிளாஸ்மிடோடு ஒத்துப்போகிற இரண்டாம் பிளாஸ்மிடில் கூடுதலாகக் கொடுங்கள். போதாவிட்டால் பிஜிஐ, ஸ்வஃப் என்ற இரண்டு மரபணுக்களையும் நீக்கி, குளுக்கோஸ் செலவாகும் முக்கியப் பாதைகளை அடைக்கலாம். அப்போது செல் வளர கிளிசரால் போல வேறு கார்பன் தர வேண்டும்.

எனக்குப் பிடித்தது சுக்ரோஸ் வழி. சுக்ரோஸ் பாஸ்போரிலேஸ் நொதி சுக்ரோஸை உடைத்து ஒரு பங்கு ஃபிரக்டோஸும் ஒரு பங்கு குளுக்கோஸ்-1-பாஸ்பேட்டும் தரும். ஃபிரக்டோஸைத் தின்று செல் வளரும், மற்றது பொருளுக்குப் போகும். சாப்பாடும் வேலையும் ஒரே மூலக்கூறிலிருந்து பிரிந்து வருவதைப் பார்க்கும்போது இன்றும் எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் பிஎல்21 சுக்ரோஸை உள்ளே எடுக்காது; அதை உள்ளே விடும் சிஎஸ்சிபி மரபணுவையும் சேர்க்க வேண்டும்.

இப்போது என் ஆறு மாதக் கதை. எல்பி என்ற வளர்ப்பு ஊடகத்திலேயே குர்செட்டினைக் கலந்து வைத்தேன். மறுநாள் காலை மஞ்சள் போய்ப் பழுப்பாகியிருந்தது. கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் குர்செட்டின் சிகரம் சுருங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏறிவிட்டது என்று நம்பி, நொதியையும் ஊடகத்தையும் மாற்றி மாற்றி, எதில் அந்தச் சிகரம் அதிகம் சுருங்குகிறது என்றே அளந்துகொண்டிருந்தேன். ஒருநாள் நொதி மரபணு இல்லாத வெற்றுப் பிளாஸ்மிட் கொண்ட குடுவையையும் பக்கத்தில் வைத்தேன். அதுவும் அதே பழுப்பு. சர்க்கரை இல்லாத எல்பியில் ஈ. கோலை அமினோ அமிலங்களைத் தின்று அம்மோனியாவை விட, பிஎச் 8ஐத் தாண்டிவிடும். அந்தக் காரத்தில் குர்செட்டின் தானே ஆக்சிஜனேற்றமாகி அழிகிறது. பூட்டப்பட்ட சர்க்கரை எங்கும் இல்லை.

அதனால் செல்களை எல்பியில் வளர்த்துத் தூண்டிய பிறகு, சுழற்றி எடுத்து, பிஎச் 7 உள்ள எம்9 என்ற எளிய உப்பு ஊடகத்தில் உங்கள் வழிக்கு ஏற்ற சர்க்கரையோடு மறுபடி கலக்குங்கள். குர்செட்டினை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, இறுதியில் 100 மைக்ரோமோலார் வருமாறு, இரண்டு மூன்று தவணையாகச் சேருங்கள். டிஎம்எஸ்ஓ 1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். வெற்றுப் பிளாஸ்மிட் குடுவை ஒவ்வொரு முறையும் கூடவே ஓடட்டும்.

மாதிரி எடுக்கும்போது மேல்தெளிவை மட்டும் எடுத்தால் படிந்த குர்செட்டின் கணக்கில் வராது. முழு வளர்ப்பில் குறைந்தது சம அளவு மெத்தனால் சேர்த்து, நன்கு கலக்கிச் சுழற்றுங்கள். எச்பிஎல்சியின் சி18 தூணில் குளுக்கோசைடு (குளுக்கோஸ் ஏறிய குர்செட்டின்) குர்செட்டினுக்கு முன்னால் வெளிவரும். பழைய சிகரம் குறைவதைப் பார்க்காமல் புதுச் சிகரத்தைத் தேடுங்கள். வாங்கிய ஐசோகுர்சிட்ரின் (இதே குளுக்கோசைடு) மாதிரியோடு அது நேரத்தில் ஒத்துப்போக வேண்டும். மூலக்கூறின் எடையை அளக்கும் நிறைமானியில் எதிர்மின் முறையில் குர்செட்டினின் 301 என்பது 463 ஆகியிருக்கும். அந்த 162 கூடியிருப்பது தண்ணீர் இழந்த ஒரு குளுக்கோஸின் எடை. வெற்றுக் குடுவையில் அது இல்லாமலும் இருந்தால், அன்றைக்கே அந்தச் செல்களை கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிடுங்கள்.