ஷார்ப்லெஸ் எபாக்ஸிடேஷனில் சறுக்கும் இடங்கள்

அல்லைல் ஆல்கஹாலின் இரட்டைப் பிணைப்பில் ஓர் ஆக்சிஜனைச் சேர்த்து, ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரண்டு எபாக்சைடு வடிவங்களில் பெரும்பாலும் ஒன்றையே தருவதுதான் ஷார்ப்லெஸ் எபாக்ஸிடேஷன். 1980-இல் வேதியியலாளர்கள் கட்சுகியும் ஷார்ப்லெஸும் வெளியிட்ட இந்த வினைக்கு வேண்டியவை எல்லாம் கடையில் வாங்கக்கூடியவை: டைட்டானியம் ஐசோபுரோப்பாக்சைடு, டைஎத்தில் டார்ட்ரேட், டிபிஹெச்பி எனப்படும் பெராக்சைடு. வினையூக்கி மட்டும் எந்தப் பாட்டிலிலும் இல்லை. இரண்டு டைட்டானியமும் இரண்டு டார்ட்ரேட்டும் இணைந்த அந்த அமைப்பு குடுவைக்குள்தான் உருவாகிறது. இதை மறப்பதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன.

முதல் எதிரி ஈரம். டிபிஹெச்பி பெரும்பாலும் 70 சதவீத நீர்க்கரைசலாக விற்கப்படுகிறது. அதை அப்படியே ஊற்றினால் கதை முடிந்தது. டெக்கேன் அல்லது டொலுயீனில் உள்ள நீரற்ற கரைசல் வேண்டும். நீரை உறிஞ்சும் மூலக்கூறு சல்லடை சேர்த்தால் 5 முதல் 10 மோல் சதவீத டைட்டானியமே போதும், சேர்க்காவிட்டால் பெரும்பாலும் ஆல்கஹாலுக்குச் சமமான முழு அளவு தேவைப்படும். ஆனால் மேசையில் திறந்து கிடந்த சல்லடை ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். சூடாக்கி உயிர்ப்பித்த பொடியைத்தான் போட வேண்டும்.

அடுத்தது விகிதம். டார்ட்ரேட் டைட்டானியத்தைவிட 10-20 சதவீதம் கூடுதலாக இருக்கட்டும். குறைந்தால், டார்ட்ரேட் கிடைக்காத டைட்டானியம் தன் பங்குக்கு, இரு ஆடிப் பிம்ப வடிவங்களும் சமமாகக் கலந்த ரேசெமிக் எபாக்சைடைத் தயாரிக்கும். அதற்காக அள்ளிப் போட்டாலும் வினை மந்தமாகிவிடும்.

அவசரமும் கெடுக்கும். மூன்றையும் டைகுளோரோமீத்தேனில் கலந்து −20 டிகிரியில் 20-30 நிமிடம் விடுங்கள். அப்புறம்தான் ஆல்கஹாலைச் சேர்க்க வேண்டும்.

சரி, எந்த ஆல்கஹால்? இரட்டைப் பிணைப்புக்கு அடுத்த கார்பனில் ஹைட்ராக்சில் உள்ள அல்லைல் ஆல்கஹால். ஸ்டைரீனைப் போட்டுவிட்டு டார்ட்ரேட்டைக் குறை சொல்வதில் நியாயமில்லை. டைட்டானியத்தைப் பிடித்துக்கொள்ள அதில் ஹைட்ராக்சில் இல்லையே. இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கத்தில் தொகுதிகள் இருக்கும் சிஸ் ஆல்கீன்களில் வேகமும் தேர்ந்தெடுக்கும் திறனும் பொதுவாகக் குறையும். இரண்டாம் நிலை அல்லைல் ஆல்கஹால் ரேசெமிக்காக இருந்தால், ஒரு எனான்ஷியோமர் (ஆடிப் பிம்ப வடிவம்) மட்டும்தான் வேகமாக வினைபுரியும். வினைபுரியாமல் மீதியாகும் மற்றதை மீட்பதுதான் நோக்கமென்றால், ஒரு மோல் ஆல்கஹாலுக்குச் சுமார் 0.6 மோல் பெராக்சைடே போதும்.

கடைசியாக, ஒளிச்சுழற்சி எண்ணை மட்டும் நம்பாதீர்கள். விளைபொருளில் ஒட்டிக்கொண்டிருக்கும் டார்ட்ரேட்டும் ஒளியைச் சுழற்றும். உப்புநீரில் கரைத்த சோடியம் ஹைட்ராக்சைடால் அதைச் சிதைத்துக் கழுவிவிட்டு, இரு எனான்ஷியோமர்களின் விகிதத்தைக் கைரல் ஹெச்பிஎல்சியிலோ மோஷர் எஸ்டராக மாற்றி என்எம்ஆரிலோ பாருங்கள்.