கிணற்றடி மாதுளை காய்த்த கதை

கிளிநொச்சியில் எங்கள் கிணற்றடி மாதுளை நன்றாகப் பூக்கும், ஆனால் பிஞ்சு நிற்காது, தப்பி நின்ற ஒன்றிரண்டும் பழுக்க முன்னமே வெடித்துவிடும். போன வருடம் வேலிக்கு வெட்டுவது போல நுனி முழுவதையும் ஒரே மட்டமாக வெட்டியதுதான் நான் செய்த பெரிய பிழை, ஏனென்றால் மாதுளை காய்ப்பது முற்றிய கொப்புகளில் வரும் கட்டைச் சிம்புகளின், அதாவது குட்டையான சிறு கிளைகளின், நுனியில். குனிந்து அடியைப் பார்த்தேன், விரல் தடிப்பில் 17 பக்க முளைகள், நடுவில் வெளிச்சமே இல்லை.

சரி என்று ஆவணியில் 4 தண்டை மட்டும் விட்டு, முளைகளை அடியோடு எடுத்தேன், உள்நோக்கி வளர்ந்த கொப்புகளையும் வெட்டினேன், நுனியைத் தொடவில்லை. வெடிப்புக்குக் காரணம் காயவிட்டு ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றியது. இப்போது அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டை பரப்பி, 3 நாளுக்கு ஒருக்கால் அளவாக ஊற்றுகிறேன். இந்த முறை 23 பழம், ஒன்றுகூட வெடிக்கவில்லை. முளை மட்டும் இன்னும் வருகிறது, கண்டவுடன் கிள்ளிவிடுகிறேன்.